ஓட்டைப் பானையும் ஒட்டு மாஞ்செடியும்

பெற்ற பிள்ளைகளைவிடச் சென்னப்பனுக்கு ஒட்டு மாஞ்செடிகள் மேல்தான் பாசம் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் பேச்சு. பொய்யில்லை. சேலத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பொம்மிடியில் இறங்கித் தலையில் சுமந்துவந்த செடிகள். மூன்றாம் வருசம் வானம் கைவிரித்தது. இந்தக் கோடையைத் தாண்டாவிட்டால் அத்தனையும் அடுப்புக்குத்தான்.

மேலே ஊற்றும் தண்ணீரை வெயில் குடித்துவிடுகிறது. பானையின் அடியில் துளை போட்டு, துணித்திரி சொருகி, வேரருகே புதைத்தால் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள்ளேயே இறங்குமே! யோசனை நல்லதுதான். வீட்டிலேயே துளை போட்டு, நீர் நிரப்பி, தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு போனானே, அங்கேதான் புத்தி பிசகியது.

ஓட்டைப் பானையைத் தோளில் சுமப்பவன் சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் மட்டுந்தானே! மகன் இல்லாத மாமனார் மாரியப்பன் வேறு காய்ச்சலில் சென்னப்பன் வீட்டில்தான் படுத்திருந்தார். பாதி வழியில் திரி நழுவ, முதுகெல்லாம் தண்ணீர் வழிய, சென்னப்பன் ஓட்டமாக ஓடினான். எதிரே வந்த பக்கத்து வீட்டுச் சாலம்மாள் கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

அவன் பானையைப் புதைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஒப்பாரி. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த மாரியப்பன் வாசலை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“யாரு செத்தது? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே!”

சாலம்மாள்தான் மூக்கைச் சிந்தினாள். “அழுதாச்சு. தல முழுகாம எப்படி வூட்டுக்குள்ள போறதுங்க?”

தீட்டுக்கு முன்னால் பஞ்சம் எம்மாத்திரம்? எல்லாரும் தலையாட்டினார்கள். சென்னப்பனுக்குப் பொறி தட்டியது.

“அவங்கவங்க வூட்டுத் தண்ணி ஆளுக்கொரு கொடம் கொண்டாங்க. தீட்டு ஊருக்குள்ள வேணாம். நம்ம காட்டுல, செடிப் பாத்தியில நின்னு ஊத்திக்குங்க!”

ஊர் குளித்தது, மாஞ்செடியும் குளித்தது. சென்னப்பனுக்குச் சந்தோசத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

சாயங்காலம் மாரியப்பன் மகள் குள்ளம்மாளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து, ஈரப் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தார்.

“மாப்ள, அந்த மூலைச் செடிக்குத் தண்ணி எட்டல போல. வேணும்னா நாளைக்கு இன்னொருக்கா செத்துப் பாக்கட்டுங்களா?”

“வாய மூடு அப்பா!” என்று சீறிய குள்ளம்மாள், துணைக்குப் புருசனைப் பார்த்தாள். அவன் மூலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.