மூன்றாம் பாட்டிலுக்கு இரண்டு மார்க்

எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பீர்க்கடையின் பின்னறையில் அது ஒன்றுதான் சட்டம். முகம் சுளிக்கலாம், ஏப்பம் விடலாம், கூரையை வெறிக்கலாம். பேசினால் மட்டும் மார்க் சீட்டு செல்லாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், கடை திறக்க மூன்று மணி நேரம் இருக்கும்போது, கடைக்காரர் நான்கு பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு வைப்பார். எல்லாம் சின்னச் சின்ன ஆலைகளில் கொஞ்சமாக வடிக்கிற பீர். நண்பர்கள் குடித்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். வழக்கமாக அது வெறும் பொழுதுபோக்கு. இந்த முறை அப்படியில்லை. கடையில் பீர் ஊற்றும் ஆறு குழாய்களில் ஒன்று காலியாகியிருந்தது. இன்று முதலிடம் வருவது அடுத்த வாரத்திலிருந்து அந்தக் குழாயில் வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நான்கில் ஒன்று லிட்மஸ் வீட்டில் செய்தது.

லிட்மஸ் என்பது அவளுக்கு அவள் அண்ணன் வைத்த பெயர். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பான்? பதினோரு மாதமாக வீட்டில் துணி துவைக்கும் அறையில் பீர் செய்து பார்த்தாள். ஏழு முறை செய்ததையும் சாக்கடையில் ஊற்றினாள். எட்டாவது முறை, கருக வறுத்த பார்லியோடு காய்ந்த ஆரஞ்சுத் தோலைச் சேர்த்தபோது, தானே ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து இன்னொன்றும் ஊற்றிக்கொண்டாள்.

செய்தவர் மார்க் போடக் கூடாது என்பதால் கிளாஸ் கழுவும் தொட்டிப் பக்கம் சாய்ந்து நின்றாள். மேசையில் மூவர்: பல் டாக்டர், டயர்க்கடைக்காரர், அண்ணன். நான்கும் கறுப்பு பீர்தான். ஆனாலும் நுரையின் நிறத்தை வைத்து மூன்றாவது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்து நிசப்தம் அவளுக்குப் பிடிக்கும். மனிதர்கள் பொய் சொல்ல வழியில்லாத நேரம் அது என்று நம்பியிருந்தாள்.

அண்ணன் மூன்றாவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடினான். முதல் இரண்டு கிளாஸ்களிலும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தவன், இதை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, உதட்டில் ஒட்டிய நுரையை நாக்கால் வழித்தான். பிறகு சீட்டை இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதினான்.

கடைக்காரர் கூட்டிப் பார்த்தார். "ஒண்ணாம் நம்பர் பத்தொம்பது. மூணாம் நம்பர் பதினெட்டு."

"மூணுக்கு யார் யார் எவ்வளவு?" என்றாள்.

"டாக்டர் எட்டு. டயரு எட்டு." அவர் தொண்டையைச் செருமினார். "அண்ணன் ரெண்டு."

"ரெண்டா!" டயர்க்கடைக்காரர் நாற்காலியோடு திரும்பினார். "யோவ், கிளாஸை நக்காத குறையா குடிச்சியேய்யா!"

அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். நீதிமன்றத்தில் இருபது வருடமாகக் குமாஸ்தா. "ஆரஞ்சு வாசனை வந்ததுமே இவளோடதுன்னு தெரிஞ்சு போச்சு. நல்லாதான் இருந்துச்சு. அதுக்காக அள்ளிப் போட முடியுமா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேரு?" என்றாள் அவள். "இந்த ரூம்ல மொத்தமே அஞ்சு பேருதான் இருக்கோம்!"

"கோவப்படாத லிட்மஸ். பாரபட்சம் பாக்காம..."

"இதுக்குப் பேர் பாரபட்சம் இல்லையா? தங்கச்சின்னு கூட்டிப் போட்டாதான் தப்பு, குறைச்சுப் போட்டா நியாயமா?"

சிறுவயதில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அவன்தான் கேக் வெட்டுவான். ஆகச் சிறிய துண்டு எப்போதும் அவளுக்கு. 'எவ்வளவு நேர்மையான பையன்!' என்று பெரியவர்கள் அவன் தலையைத் தடவுவார்கள். அவன் நேர்மைக்கான செலவெல்லாம் அவள் தட்டிலிருந்துதான் போயிருக்கிறது. அன்று பேசாமல் தின்றாள். இன்று விடுவதாக இல்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லு. உங்க கோர்ட்ல ஜட்ஜோட தங்கச்சி கேஸ் வந்தா அவரு என்ன பண்ணுவாரு?"

"விலகிடுவாரு. வேற பெஞ்சுக்குப் போயிடும்."

"தங்கச்சியைத் தூக்கி உள்ள வைக்க மாட்டாருல்ல?"

"சேச்சே!"

"அப்ப நீ ஏன் விலகல? வாசனை வந்ததுமே கிளாஸைக் கீழ வெச்சிருக்கலாமே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "விலகியிருந்தா மிச்சத்தைக் குடிச்சிருக்க முடியாதே."

பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டயர்க்கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்த பீர் என்று தெரிந்தும், கடைசிச் சொட்டுவரை அனுபவித்தும், ஒருவனால் எழுத முடிகிற எண்ணா அது?

கடைக்காரர் பேனாவை எடுத்தார். "சொந்தக்காரர் போட்ட சீட்டைச் சேர்த்தது என் தப்பு. இவர் போட்டது நாலு பாட்டிலுக்கும் செல்லாது." குறுக்கே கோடு இழுத்து, மறுபடி கூட்டினார். "மூணு, பதினாறு. ஒண்ணு, பதிமூணு. மத்ததெல்லாம் அதுக்கும் கீழ. குழாய் உனக்குத்தாம்மா."

"பாத்தியா, கடைசியில எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது!" என்றான் அண்ணன். தானே முடித்துவைத்தது போன்ற நிம்மதி முகத்தில்.

அவள் மூன்றாம் பாட்டிலின் காகிதத்தைக் கிழித்தெறிந்தாள். மீதியை டாக்டருக்கு ஊற்றினாள், டயர்க்கடைக்காரருக்கு ஊற்றினாள், கடைக்காரருக்கும் தனக்கும் ஊற்றினாள். அண்ணன் தன் காலி கிளாஸை நீட்டினான். அதைத் தாண்டிக் கை நீட்டிப் பாட்டிலை மேசையில் வைத்தாள். அடியில் இன்னும் இரண்டு விரல் உயரத்துக்கு இருந்தது.

"எனக்கு?"

"ஜட்ஜ் விலகிட்டாரு" என்றாள். "அவரு வீட்டுக்குப் போகலாம்."