வலது கதவு

என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தாளுக்கு நான்கு சக்கரம்.

நான் கல்யாணமாகி வந்தபோதே அவள் வாசலில் கொட்டகை போட்டுக் குடியேறியிருந்தாள். கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள், இரும்புப் பெட்டி மாதிரி மூடும் கதவுகள். எங்கள் இருவரையும்விட வயதில் பெரியவள். மழைத் துளி பட்டால் இவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். பிள்ளைகள் சின்ன வயதில் பின்சீட்டில் பிஸ்கட் தின்றதற்கு ஒரு வாரம் அவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. கம்பெனியிலிருந்து வந்த திருகாணி வந்தபடியே இருக்க வேண்டும். தகட்டில் ஒரு துளை விழுந்தால் போச்சு, ஆளே செத்த மாதிரி துக்கம் காப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வண்டிக்கு ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். தகரத்தை அடித்து டப்பா மூடி செய்யும் ஆலையில் காலமெல்லாம் உழைத்தவர். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் விழுந்து செத்தாலும் தெரியாது. காதில் வைத்துக்கொள்ள ஆலையில் கொடுத்தது வெறும் பஞ்சு. வேலையை விட்டு வருமுன்பே இடது காது போய்விட்டது. மிச்சமிருக்கும் வலது காதும் தேய்ந்துகொண்டு வருகிறது, நரம்பே சாகிறது, மெஷின் மாட்டினாலும் பயனில்லை என்றார் டாக்டர். எப்போது முழுசாகப் போகும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். திரும்பி வரும்போது இவர் பாட்டுக்கு வண்டியை ஓட்டினார். நான்தான் அந்த ஆலை முதலாளிகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். இப்போதும் திட்டுவேன்.

ஊருக்கு வெளியே எங்காவது வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிடித்த பழைய பாட்டுகளை எல்லாம் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. வீட்டில் கேட்டால் மிக்சியும் என் வாயும் குறுக்கே வருகிறதாம். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பாட்டு முடிந்ததும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நானும் நாலு வார்த்தை பேச வேண்டும். சண்டை போட்டே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். அந்தக் காதும் போய்விட்டால் நான் யாரோடு மல்லுக்கு நிற்பது?

பட்டறைக்குப் போகுமுன் ஒரு நிபந்தனை போட்டார். காது விஷயத்தைப் பற்றி அங்கே நான் மூச்சு விடக்கூடாது. வழியில் ஒரு லாரி பின்னாலேயே வந்து ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. இவர் ஒதுங்கவே இல்லை. மூத்தாளோடு போகும்போது ஐயாவுக்குக் கொஞ்சம் வீம்பு அதிகம் என்று நானும் விட்டுவிட்டேன்.

காருக்குப் பாட்டு செட் பொருத்துகிற மெக்கானிக் இந்த மாதிரி வண்டியைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டதாகச் சொன்னார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டுதான் கதவையே தொட்டார். சுற்றிவந்து பார்த்துவிட்டு, பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையைத்தான் முதலில் காட்டினார். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறு பலகையில் ஸ்பீக்கர் பதித்துப் போட்டுவிடலாம். வண்டியில் ஒரு கீறல் விழாது. அது பிடிக்காவிட்டால் முன்னால் கால் வைக்கும் இடத்தின் ஓரங்களில் சின்னப் பெட்டியாக வைக்கலாம். அதற்கும் துளை வேண்டாம்.

இவர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டிக் காட்டினார்.

மெக்கானிக்கின் முகம் சுண்டிவிட்டது. கதவு என்றால் உள்தகட்டை அறுக்க வேண்டும். கண்ணாடி இறங்குவதும் அதற்குள்ளேதான். கண்ணாடியை முழுசாக இறக்கி, அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஸ்பீக்கரின் முதுகு கண்ணாடியில் உரசாமல் மயிரிழையில் தப்பும் என்றார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"ஸ்டீரியோன்னா ரெண்டு பக்கமும் சமமா வரணும் சார். நீங்க வலது கதவை ஒட்டி உக்காந்திருக்கீங்க. அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும்தான் காதுல விழும்."

"விழட்டும்," என்றார் இவர்.

ஒரு காதுக்காரனுக்கு எதற்கய்யா இரண்டு பக்கமும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் பார்த்த பார்வையில் மென்று விழுங்கிக்கொண்டேன்.

மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. வைத்துக் கேட்காமல் எந்த வண்டியிலும் ரம்பத்தை வைக்கமாட்டேன் என்றார். அது அவர் தொழில் முறை. செட்டை டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டு, நீள ஒயரில் ஒரு ஸ்பீக்கரை கிளிப் போட்டு மாட்டி, ஒவ்வொரு இடமாகக் கையால் பிடித்துக் காட்டுவார். வண்டிக்காரர் தன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் மனசு தனக்குப் பிடித்த இடத்துக்கே ஓட்டுப் போட்டுவிடுமாம்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வண்டிக்கு வெளியே, அவர் முதுகுப் பக்கமாக நின்றேன். முதலில் பின்பலகை. பட்டறையே நிறைந்து போகிற மாதிரி பாட்டு வந்தது. எனக்கே காலால் தாளம் போடத் தோன்றியது. மெக்கானிக் அவர் தோளைத் தொட்டதும், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடுத்தது காலடி ஓரம். அதற்கும் தொட்டதும், மங்கலாக இருக்கிறது என்றார்.

கதவுக்குக் கொண்டுவர ஒயர் எட்டவில்லை. மெக்கானிக் கிளிப்பைக் கழற்றி, ஒயரை சீட்டுக்கு அடியில் விட்டு இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்பீக்கரைக் கதவில், இவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தார். அப்புறம்தான் கிளிப் கையில் இல்லை என்று பார்த்தார். எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு கையால் ஸ்பீக்கரைப் பிடித்தபடியே குனிந்து மிதியடிமேல் தேடினார். செட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒயர் சேராததால் பாட்டு இல்லை. பக்கத்து டயர் கடையில் யாரோ இருமியது தெளிவாகக் கேட்டது.

தேடிய வேகத்தில் மெக்கானிக்கின் தோள் இவர்மேல் இடித்தது. இவர் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தார்.

"இதான். இங்கதான் தெளிவா கேக்குது," என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

மெக்கானிக் கிளிப்பும் கையுமாக நிமிர்ந்தார். செட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். கொஞ்ச நாளாகவே, நான் பேச ஆரம்பித்தால் இவர் எழுந்துபோய் விளக்கைப் போடுவார். அடுப்படிக்கு வந்து எனக்கு எதிரே நிற்பார். வைத்த கண் வாங்காமல் என் முகத்தையே பார்ப்பார். வயசான காலத்தில் மனுஷனுக்கு என்மேல் புதுசாக ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, நான், இந்தப் பைத்தியக்காரி, சாயங்காலமானால் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டேன். அவர் பார்த்தது என் வாயை.

"என்னங்க, எப்பலேர்ந்து?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன். வீட்டில் பேசுகிற அதே குரலில்தான் கேட்டேன். அவர் திரும்பவில்லை. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

இனிமேல் நான் என்ன கத்தினாலும் அவரிடம் போய்ச் சேராது. எத்தனையோ பேசியிருக்கிறேன், பாதிக்குமேல் வசவு. கடைசியாக அவர் காதில் விழுந்தது எது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதிருப்பேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

நான் சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே, வெளிச்சத்தில் நின்றேன்.

"உனக்கு எப்படிக் கேக்குது?" என்றார்.

கேட்டுவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த குழந்தையின் முகம் அது. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, உயிராக வைத்திருக்கும் வண்டியை அறுக்கக் கொடுக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் கதவு பிழைக்கும். அவர் அங்கேயே உடைந்துபோவார்.

"நல்லா இருக்குங்க," என்றேன், நிறுத்தி நிதானமாக. "இங்கயே வச்சிரலாம்."

மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வண்டிக்கு இன்னொரு கதவு எங்கே தேடினாலும் கிடைக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை, அறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கதவின் உள்அட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். கதவை அகலத் திறந்துவைத்து, தகட்டில் சாக்பீஸால் வட்டம் போட்டார். இவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரம்பம் தகட்டில் ஏறியதும் பல்லெல்லாம் கூசியது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி அமைதியாக உட்கார்ந்திருந்தார். தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தபிறகு, அவசர அவசரமாகத் தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.