இடது தோள்

கோட்டின் இடது தோள் மறுபடியும் சரிந்தது. நவோமி மூன்றாவது தடவையாக அதை மேலே இழுத்துவிட்டாள். கையை எடுத்ததும் அது பழையபடி குழிக்குள் போய் விழுந்தது. சவப்பெட்டிக்குள் கிடந்த அவளுடைய அப்பா இராஜநாயகம் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கண்ணை மூடியிருந்தார். உயிரோடு இருந்தபோதும் தன் உடுப்பு விஷயத்தில் அவருக்கு அவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை.

பதினொரு மணிக்கு ஆராதனை. இப்போது பத்தேகால். சில்க்போர்க் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிறிய ஆலயத்தை ஆராதனைக்கென்று அவர்களுக்கு முக்கால் மணி நேரத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வேறொருவரின் பெட்டி வரும். நவோமி முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவள். எத்தனையோ பேரின் அப்பாக்களுக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறாள். சொந்த அப்பாவின் கோட்டு மட்டும் அவள் சொல் கேட்க மாட்டேன் என்றது.

அம்மா தேவமலர் வெளி அறையில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். வன்னியில் அகப்பட்டிருந்த அவளுடைய தங்கை விமலராணியிடமிருந்து மூன்று கிழமையாகப் பேச்சில்லை. நேற்று, திங்கட்கிழமை, சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொன்னது. அப்பா சனிக்கிழமை இறந்தார். வந்த அழைப்புகளில் பாதி "அண்ணைக்கு என்ன நடந்தது?" என்று தொடங்கி, "அங்கையிருந்து ஏதும் தெரியுமோ?" என்று முடிந்தன. சாகிறதற்கும் ஒரு நேரம் பார்க்கத் தெரியவில்லை இந்த மனுஷனுக்கு என்று நவோமிக்கு எரிச்சலாக வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலும் எரிச்சல் வந்தது.

முதலில் சட்டையை மாட்டியபோதுதான் ஹென்னிங் அதைக் கவனித்தார். சவ அடக்க வேலைகளைப் பொறுப்பெடுத்திருந்த டெனிஷ்காரர் அவர், ஐம்பது வயதிருக்கும். அப்பாவின் இடது காறை எலும்பு இரண்டு இடத்தில் புடைத்து, நடுவில் பள்ளமாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, டெனிஷில், மெதுவாகக் கேட்டார்.

"கிராஸ் ஓடினவரா?"

நவோமி நிமிர்ந்து பார்த்தாள். ஹென்னிங் தன் கறுப்புக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, காலரை விலக்கிக் காட்டினார். அவருக்கும் அதே இடத்தில் அதே புடைப்பு. பதினெட்டு வயதில் மோட்டோகிராஸ், மண்மேட்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ரேஸ், ஓடி விழுந்ததாம். வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்ற அம்மா இரண்டு எலும்பையும் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

அறியாத மனுஷன் ஒருவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததைச் சொந்தச் சபைக்குச் சொல்ல வழியில்லாமல் நிற்கிறோமே என்று நினைத்தபடி நவோமி சட்டையின் பொத்தானைப் பூட்டினாள்.

அப்பா பத்தொன்பது வயதில் சாவகச்சேரியிலிருந்து ஈப்போவுக்குப் போனவர். மாமன் ரயில்வேயில் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். வேலை பதினொரு மாதத்தில் போய்விட்டது. அப்பா ஒரு சீனரின் மோட்டார் சைக்கிள் கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அந்த நாட்களில் மலேசியாவில் மோட்டோகிராஸ் என்ற சொல்லே புதிது. அதற்கென்று வண்டியும் கிடையாது, தடமும் கிடையாது. ஈயம் தோண்டிவிட்டுப் போன வெள்ளை மணல் மேட்டில் கயிறு கட்டுவார்கள், அதுதான் தடம். கிழமை நாளில் கடைச் சாமான் ஏற்றுகிற வண்டியின் விளக்கையும் மட்கார்டையும் ஞாயிறு காலையில் கழற்றுவார்கள், அதுதான் ரேஸ் வண்டி. அப்பாவின் கூட்டாளி லோரன்ஸ் கழற்றிய விளக்கை மடியில் வைத்துக்கொண்டு மேட்டில் குந்தியிருப்பாராம். பின்னேரம் அதைத் திரும்பப் பூட்டினால்தான் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். மழை பெய்தால் மணல் கஞ்சியாகிவிடும். சனம் கயிற்றைத் தாண்டி வந்து தடத்திலேயே நிற்கும், ஓடுகிறவன்தான் விலகி ஓட வேண்டும். மஞ்சள் சட்டை, முதுகில் கறுப்பு மையால் 27. அதுதான் அப்பா. நாலு வருஷம் ஓடி, இரண்டு தடவை அதே எலும்பை உடைத்துக்கொண்டு, ஒரேயொரு தடவை முதலாவதாக வந்தார்.

இதையெல்லாம் வருஷத்தில் இரண்டு நாள்தான் சொல்லுவார். நவோமியின் காருக்குக் குளிர்கால டயர் மாற்றுகிற நாளும், அதைக் கழற்றுகிற நாளும். அம்மா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் நட்டுகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், காது கேளாதவள்போல.

"ஒரு நட்டையும் ஒரேயடியாய் இறுக்கக்கூடாது பிள்ளை. அரைவாசி இறுக்கிப்போட்டு எதிர்மூலைக்குப் போகோணும். இல்லாட்டி ஒரு பக்கம் இழுத்துப்போடும்."

"அந்த மஞ்சள் சட்டை எங்கையப்பா?"

"கலியாணம் முடிஞ்ச கிழமையே கரப்பான் அரிச்சுப்போட்டுதாம். அம்மா சொன்னவ."

அம்மா டப்பாவைக் குலுக்கி, எத்தனை நட்டு மிச்சம் என்று பார்ப்பாள்.

அம்மாவுக்குப் பேசப்பட்ட மாப்பிள்ளை மலாயா ரயில்வேயில் கிளார்க். அப்படித்தான் அவளுடைய அப்பா கோயிலில் எழுந்து நின்று அறிவித்தார். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், மாப்பிள்ளையின் நகத்துக்குள்ளிருந்து போகாத எண்ணெய்க் கறுப்பைப் பார்த்து அம்மா கேட்டாள், அவர் மறைக்கவில்லை. மறைத்தது அம்மாதான். முப்பத்துநாலு வருஷம் அவர் கிளார்க்காகவே இருந்தார், பிறகு சில்க்போர்க்குக்கு வந்து பாக்டரியில் வேலை செய்தபோதுகூட, "அங்கை ரயில்வேயிலை இருந்தவர்" என்றுதான் எல்லோருக்கும்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "நான் ஓடினவன் எண்டு ஒருக்காச் சொல்லிவிடு பிள்ளை. பெரிசாய் வேண்டாம். ஒரு வரி." நவோமி ஓம் என்றாள்.

அந்த ஒரு வரிக்காக நேற்றுப் பகல் முழுக்க அம்மாவோடு மல்லுக்கு நின்றாள். ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை அம்மா எழுதி முடித்திருந்தாள். ரயில்வே இருந்தது. ரேஸ் இல்லை.

"அம்மா, ஒரு வரி. அவர் கேட்டவர்."

"செத்தவரின்ரை பேரைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியோ?"

"இதிலை என்ன சிரிப்பு?"

"என்ரை அப்பா சபையிலை பொய் சொன்னவர் எண்டு வராதோ? அந்த மனுசனும் மண்ணுக்கை போயிட்டுது. விடு. போனை விட்டுத் தள்ளி நிண்டு கதை, விமலா எடுத்தாலும் எடுப்பாள்."

 எந்தச் சண்டையையும் அம்மா இப்போது இந்த ஒரு பெயரால் வென்றுவிடுகிறாள்.

கோட்டைத் திரும்பத் தடவிப் பார்த்தாள். தோளில் இருக்க வேண்டிய மெத்தை, நூல் விட்டு, உள்ளே அக்குள் பக்கமாக உருண்டு போயிருந்தது. நகவெட்டும் கத்திரியால் உள்துணியை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்தாள். உள்ளே விட்ட விரலோடு பழந்துணிச் சுருள் ஒன்று வந்தது. கையால் பலமுறை தைத்த, நாலாக மடித்த துணி. மங்கிப்போன மஞ்சள். மடிப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு, வளைந்து, இறங்கி.

அவள் அதை உள்ளங்கையில் வைத்தபடியே வெளி அறைக்குப் போனாள்.

"இதென்னம்மா?"

தேவமலர் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"துணி."

"கரப்பான் அரிச்ச துணியோ?"

 அம்மா கைப்பைக்குள் துழாவி ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்தாள். ஊசி கைவசம் இருந்தது.

"தோள் சரிஞ்சு நிண்டால் சனம் கேக்கும். கலியாணம் முடிஞ்ச கிழமை, கலியாணக் கோட்டுக்கு வைச்சது. பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் கழட்டிக் கழட்டி வைச்சனான். அந்தத் துணிதான் அந்தக் குழிக்கு அளவு. வேறை ஒண்டும் சரிவரேல்லை."

"அவருக்குத் தெரியுமோ?"

"தா இஞ்சை. நேரம் போகுது."

பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டிக்கு மேல் குனிந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வர, ஆறு தையல் போட்டாள். தோள் நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம், கிளார்க்கின் தோள். நவோமிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஹென்னிங் மெழுகுதிரிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

முப்பது கதிரையில் பதினான்கு பேர். மற்றவர்கள் விடிய நாலு மணி பஸ்ஸில் கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டார்கள், பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் நிற்க. வந்தவர்களும் தூங்காத கண்ணோடு வந்திருந்தார்கள். சபை மூப்பர் யோசேப் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். சாவகச்சேரியில் பிறந்து, மலேசிய ரயில்வேயில் கிளார்க்காகக் கடமையாற்றி, கர்த்தருக்குள் ஒழுக்கமாக வாழ்ந்து. நவோமி எழுந்தாள். யோசேப் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், மகள் அழுகிறாள் என்று நினைத்தார்போல.

"இந்த நேரத்திலை அங்கை எங்கடை சனம் படுற பாட்டை நினைச்சு எல்லாரும் எழும்பி நிண்டு ஒரு நிமிசம் ஜெபிப்பம்" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழுந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று. பின் வரிசையில் ஒருவர் விம்மத் தொடங்கினார், அதைக் கேட்டு இன்னொருவர். ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாயிற்று. நவோமியும் அழுதாள், சித்தியை நினைத்துத்தான் அழுதாள், அதுவும் பொய்யில்லை. ஆனால் அப்பாவுக்கென்று இருந்த முக்கால் மணி நேரம் கண்ணுக்கு முன்னால் ஒழுகிப்போய்க்கொண்டிருந்தது. இந்த அழுகைக்கு நடுவில் எப்படிப் போய் மோட்டார் சைக்கிள் என்று சொல்வது? ஹென்னிங் கதவருகே நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். ஜெபம் முடிந்தபோது கடைசிப் பாட்டுக்குத்தான் நேரம் இருந்தது. வாக்குக் கொடுத்த ஒரு வரி சொல்லப்படாமலே நின்றது.

பாட்டு முடிந்து, கடைசியாக முகம் பார்க்க வரிசையாக வந்தார்கள். எல்லோரும் பார்த்து முடிந்து மூடியைத் தூக்கப்போகும்போது தேவமலர் எழுந்து வந்தாள்.

"இதைப் பிடி" என்று போனை நவோமியின் கையில் கொடுத்தாள். மூன்று கிழமையாகக் குளிக்கும்போதும் கதவோரம் வைத்திருந்த போன்.

அவள் குனிந்து, தான் போட்ட ஆறு தையலையும் நகத்தால் அறுத்தாள். உள்ளே கைவிட்டுத் துணியை எடுத்தாள். கோட்டின் இடது தோள் மெல்ல இறங்கிக் குழிக்குள் படிந்தது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. யோசேப் கிட்ட வந்தார்.

"என்னக்கா, அண்ணைக்குத் தோள்பட்டையிலை என்ன?"

"முறிஞ்சது."

"எப்ப?"

"ஈப்போவிலை. ரேஸ் ஓடி விழுந்தவர்." மஞ்சள் துணியை ஒரு தடவை நீவி, மடித்து, அப்பாவின் கைகளுக்குக் கீழே வைத்தாள். "மோட்டச்சைக்கிள் ரேஸ். ரெண்டு தரம் முறிஞ்சது. ஒருக்கா முதலாவதாயும் வந்தவர்."

யோசேப் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஹென்னிங்கும் இன்னொருவருமாக மூடியை வைத்தார்கள். குடும்பத்தார் விரும்பினால் திருகாணிகளைத் தாங்களே இறுக்கலாம் என்றார். நாலு மூலைக்கும் நாலு திருகாணி. நவோமி போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுத் தலைமாட்டில் ஒன்றைத் திருகினாள். அரைவாசி இறுகியதும் விட்டுவிட்டு, எதிர்மூலைக்கு நடந்தாள். கால்மாட்டில், தன்னுடையதைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மாவும் எதிர்மூலைக்கு வந்துகொண்டிருந்தாள்.