ஒரு நொடிக்கு எட்டு

மட்டாஞ்சேரிச் சரித்திரத்தில் வந்திறங்கல்கள் இரண்டு. முதலாவது போர்த்துகீசியரின் கப்பல். அதைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாவது, 2005-ஆம் வருஷம் மே மாதம் பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, விருப்ப ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி பிச்சுமணியின் வீட்டு வாசலில், ஒரு நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும் கேமரா ஆட்டோவிலிருந்து இறங்கியது. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

காமாக்ஷி ஆரத்தி எடுத்தாள். எடுக்கச் சொன்னார், எடுத்தாள். முப்பத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் அவள் ஆரத்தி எடுத்த ஜடப்பொருள்களில் இது நான்காவது. ஸ்கூட்டர், மிக்ஸி, கம்ப்யூட்டருக்குப் பிறகு. மஞ்சள் நீர் ஒரு துளி தெறித்து லென்ஸ் பெட்டியில் விழுந்தபோது பிச்சுமணி, பிறந்த குழந்தையின்மேல் கொதிநீர் பட்டதுபோல் பதறி, வேட்டித் தலைப்பால் ஒற்றி எடுத்தார். "ஈரம் ஆகாதாக்கும் இதுக்கு" என்றார். எந்தக் கேமரா மழைக்காட்டில் புலியைப் பிடிப்பதற்காக வாங்கப்பட்டதோ அந்தக் கேமராவுக்கு ஈரம் ஆகாது என்பது காமாக்ஷிக்குப் புதிய செய்தியாக இருந்தது.

புலி வரும் வழியில் சில தடங்கல்கள் இருந்தன. பிச்சுமணிக்கு முழங்கால் வலி. அப்புறம் அட்டை. காட்டில் அட்டை உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை. ஆகையால் காட்டுக்குப் போகும்வரை கை பழகட்டும் என்று அவர் தெருவிலேயே தொடங்கினார். மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் சுதந்திரமாகத் திரியும், சுவரொட்டி தின்னும், பஸ்ஸுக்கு வழிவிடாது. அவற்றை அவர் நொடிக்கு எட்டு வீதம் எடுத்தார். கருவாட்டுக் கடைக்கு மேலே வட்டமிடும் கிருஷ்ணப்பருந்தை எடுத்தார். பிறகு காக்கை. காக்கை நிறைய. பக்கத்து வீட்டு ஷீஜா தன் குழந்தையை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னபோது, இது அந்த வகைக் கேமரா இல்லை என்று அவளுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். மூன்று மாதத்தில் வீடு முழுக்கச் சிடிகள் அடுக்கடுக்காக நின்றன. கெட்டுப்போன சிடிகளைக் காமாக்ஷி நூலில் கோத்து மாடியில் வடாம் காயவைக்கும் இடத்தில் தொங்கவிட்டாள். வெயிலில் அவை பளபளத்துச் சுற்றுவதைப் பார்த்துக் காக்கைகள் கிட்டே வராமலிருந்தன. கேமராவால் அந்த வீட்டுக்கு விளைந்த முதல் பயன் அதுதான்.

இரண்டாவது பயன் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தது, அதுவும் கல்யாண ஆலோசனையாக.

அந்தக் கேமராவை வைத்திருப்பவர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு குழு இருந்தது. மொத்த இந்தியாவிலும் நூற்றுச் சொச்சம் பேர். அதில் முக்கால்வாசி ஓய்வு பெற்றவர்கள். பேட்டரி சூடாகிறது, நாற்பது படத்துக்குப் பிறகு திணறுகிறது, உள்ளே தூசி போகிறது என்று தத்தம் அனுபவங்களை எழுதிக்கொள்வார்கள். பிச்சுமணி தினமும் எழுதுவார். அந்தக் குழுவுக்கு ஓர் ஆசாரமும் இருந்தது. ஒற்றைப் படத்தை யாரும் காட்டக்கூடாது. ஒற்றைப் படம் அதிர்ஷ்டத்தில் விழுந்திருக்கலாம், மோசடியாகவும் இருக்கலாம். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சரசரவென்று விழுகிற படங்கள் அத்தனையையும், நல்லது கெட்டது பொறுக்காமல், வரிசை கலையாமல் காட்டுகிறவன்தான் யோக்கியன். இந்த ஆசாரத்தை மிகக் கறாராகக் கடைப்பிடித்தவர் ஒலவக்கோட்டு சிவராமகிருஷ்ணன், மின்வாரிய எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மரங்கொத்தியின் நானூற்றுப் பத்துப் படங்களை அவர் குழுவுக்கு அனுப்பியபோது பதினோரு பேருடைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. அவருக்கும் பிச்சுமணிக்கும் டெலிபோன் பேச்சு தொடங்கி, இருவருடைய பூர்வீகமும் பாலக்காட்டுப் பக்கம்தான் என்று தெரிந்து, அவருக்குப் புனேயில் வேலை பார்க்கும் வெங்கிடேஸ்வரன் என்றொரு மகன் முப்பத்தைந்து வயதில் கல்யாணமாகாமல் இருக்கிறான் என்பதும் மூன்றாவது வாரத்தில், பேட்டரிப் பேச்சுக்கு நடுவே தற்செயலாக வெளியே வந்தது.

பிச்சுமணியின் மகள் கங்காவுக்கு அப்போது முப்பத்தொன்று. எதிரே துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. தினமும் எட்டரைப் படகில் போய் ஆறு மணிப் படகில் திரும்புவாள். ஒன்பது ஆலோசனைகள் வந்து போயிருந்தன. ஏழாவதுக்குப் பிறகு அவள் புடவை மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். ஆபீஸ் உடுப்பிலேயே வந்து காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போவாள். வெங்கிடேஸ்வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து நேரே போன் செய்தான். கூடத்தில் எல்லோரும் இருக்கத்தான் பேசினாள், பன்னிரண்டு நிமிஷம். நடுவில் ஒருதரம் சிரித்தாள். அடுக்களையில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த காமாக்ஷியின் கை நின்றது. அந்த மாதிரிச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு ஐந்தாறு வருஷமாகியிருந்தது. போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்து ஒரு துண்டு வெள்ளரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கங்கா சொன்னாள்: "கொழப்பமில்லேம்மா. ஆகட்டும்னு சொல்லிடு."

பையனுக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். கொச்சங்காடியில் ஷாஜியின் ஸ்டூடியோ இருக்கிறது, அரை மணியில் முடிந்துவிடும் என்றாள் காமாக்ஷி. பிச்சுமணி அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட இரக்கம் அதிகம் இருந்தது. சொந்த வீட்டில் பட்டத்து யானை நிற்கும்போது வாடகைக் கழுதையை அமர்த்தச் சொல்கிறாயே என்கிற இரக்கம்.

"ஷாஜி எடுத்தா அது போட்டோ. அவ்வளவுதான்" என்றார். "மனுஷாளை அவாளோட இயற்கையான சுபாவத்திலே பிடிக்கணும் காமு. பிடிக்கப்போறோம்னு தெரியப்படாது. தெரிஞ்சா கெட்டது."

"அவ என்ன மானா?" என்றாள் காமாக்ஷி.

சனிக்கிழமை மத்தியானம் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இலை படம் போட்ட பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு அவர் பதுங்கினார். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிக் கங்காவை நல்ல புடவை கட்டவைத்து, துணி எடுத்துக்கொண்டு வா என்று மாடிக்கு அனுப்புவது காமாக்ஷியின் பங்கு. பொய் சொல்லி அனுப்பினாள். பின்னாலேயே மாடிப்படி வரை போய் நின்றாள்.

கங்கா கொடியிலிருந்து இரண்டு துண்டுகளை உருவுவதற்குள் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் தொடங்கிவிட்டது. மூன்று மாதமாகக் கேட்கிற கேமராச் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சைத் துணிக்குக் கீழே அப்பாவின் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாதம் தெரிய நிற்கும் குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் சத்தம் கொஞ்சம் ஓடித்தான் நின்றது. "இன்னொரு பிராவசியம்" என்றது தண்ணீர்த் தொட்டி. மறுபடி சிரித்தாள். வெயில் சுட்டது. அரை மணி நேரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள், இடையிடையே கேமராவின் மெமரி கார்டில் படங்கள் பதிந்து முடியட்டும் என்று காத்திருந்தாள், சொன்னபோதெல்லாம் சிரித்தாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். எட்டால் வகுத்தால் முப்பத்தொன்பது நொடி.

அன்று மாலை கம்ப்யூட்டரில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. காமாக்ஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சிரிப்பு வருவதற்கு நான்கு படம் ஆகிறது, நிற்பது இரண்டு படம், இறங்குவதற்கு ஏழெட்டு. முதலில் உதட்டு ஓரம் கீழே வருகிறது, பிறகு கன்னம். கண் இறங்கவேயில்லை, அது சிரிப்பில் சேர்ந்தே இருக்கவில்லை. அப்புறம் வரும் முகம்தான் காமாக்ஷிக்குத் தாங்கவில்லை. பாங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து, தன் நம்பரைக் கூப்பிடாமலே தாண்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டவளின் முகம். எரிச்சல்கூட அதில் முழுசாக இல்லை. தினமும் இரண்டு வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம். ஒரு சிரிப்புக்கும் அடுத்த சிரிப்புக்கும் நடுவே அதில் இப்படி ஒன்று இருப்பதைக் காமாக்ஷி இத்தனை நாள் பார்த்ததேயில்லை.

எண்பத்தேழாவது படத்தில் கங்கா கீழே விழுந்த கிளிப்பை எடுக்கக் குனிந்து, காற்றில் முந்தானை முகத்தில் அடித்து, கேமராவை மறந்து பாதி சிரித்திருந்தாள். காமாக்ஷி விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். இது ஒன்று போதும், இதை மட்டும் அனுப்புங்கள் என்றாள். பிச்சுமணி ஆகட்டும் என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் ஆகட்டும் சொன்னவரில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வெங்கிடேஸ்வரனே எழுதியிருந்தான், ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில். பிச்சுமணி கூடத்தில் நின்று படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு சிடியும் பத்திரமாக வந்தன. எல்லாப் படத்தையும் ஒன்றுவிடாமல் இரண்டு தடவை பார்த்தேன். 41 முதல் 66 வரையும், 130 முதல் 158 வரையும், கடைசி முப்பது படங்களிலும் உங்கள் மகளுக்கு இதில் சம்மதமில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. பெரியவர்கள் கட்டாயத்துக்காகச் சிரிக்கிறார். போனில் பேசியபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் போனில் முகம் தெரிவதில்லை. மனமில்லாத ஒரு பெண்ணை நிர்ப்பந்தித்துக் கல்யாணம் செய்துகொள்வது எனக்கு ஒப்பாது. தயவுசெய்து அவரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

நல்ல பையன். காமாக்ஷிக்கு ஆறாமல் போனதே அதனால்தான். அயோக்கியனாக இருந்திருந்தால் தொலைகிறான் என்று விட்டிருக்கலாம்.

"எல்லாத்தையுமா அனுப்பினேள்?" என்றாள்.

"ஒண்ணை மட்டும் அனுப்பினா சிவராமகிருஷ்ணன் என்ன நினைச்சுப்பார்? பொறுக்கி எடுத்து ஏமாத்தறான்னு நினைச்சுக்க மாட்டாரா?" என்றார் பிச்சுமணி. கடிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். வருத்தம்தான் அவருக்கும், ஆனால் வருத்தத்துக்கு அடியில் வேறொன்று மினுங்கியது. "நம்பர் போட்டு எழுதியிருக்கான் பாத்தியோ. நாற்பத்தொண்ணுலேர்ந்து அறுபத்தாறு. வேற எந்தக் கேமராவிலேயும் இது கிடைச்சிருக்காது, ஒனக்கு அறியுமோ?"

சாயங்காலம் படகிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கங்காவிடம் காமாக்ஷி கடிதத்தைக் கொடுத்தாள். நின்றபடியே படித்தாள். மடித்தாள். அந்த வேளையில் அவள் முகத்தில் என்ன ஓடியது என்று காமாக்ஷி உற்றுப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

"அது அவரைப் பத்தின மூஞ்சி இல்லேம்மா" என்றாள் கங்கா. "அப்பாவைப் பார்த்த மூஞ்சியாக்கும்."

"நான் போன் பண்ணிச் சொல்றேண்டி. பொண்ணுக்கு இஷ்டம்தான், கேமராவைப் பார்த்துச் சலிச்சுண்டான்னு."

"என்னன்னு சொல்லுவே? என் பொண்ணு மொகம் பொய் சொல்லித்து, நீங்க நம்பாதீங்கோன்னா?" அவள் குரல் ஏறவில்லை. "முந்நூத்திப் பன்னெண்டு சாட்சி இருக்கு அவர் கையிலே. விட்டுடு. மதி, போறும்."

மறுநாள் கங்கா ஆபீஸ் போனதும் காமாக்ஷி ஒலவக்கோட்டுக்குப் போன் செய்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் தானாக எஸ்.டி.டி. போட்டது அதுவே முதல் தடவை. சிவராமகிருஷ்ணன்தான் எடுத்தார். சொல்ல வேண்டியதை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், பாதிதான் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பசங்களோட காரியம் மாமி, அவன் ஒருதரம் தீர்மானிச்சா மாத்திக்க மாட்டான், பக்ஷே உங்க பொண்ணைப் பத்தி அவனுக்கு ரொம்ப மரியாதை என்றார். சற்று நின்று, குரலில் ஓர் ஆவல் வந்து, கேட்டார்: "பிச்சுமணி இருக்காரோ? மத்தியான வெயில்லே மொகத்திலே நிழலே விழாம எடுத்திருக்காரே, அதொண்ணு கேட்கணும்."

காமாக்ஷி போனைக் கணவரிடம் கொடுத்தாள். அவர்கள் நாற்பது நிமிஷம் பேசினார்கள். அவள் மாடிக்குப் போனாள். மழை வரும்போலிருந்தது. படகுத் துறைப் பக்கம் ஒரு படகு தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கங்கா போன படகு எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். கொடியில் கிடந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கடைசியில் கங்காவின் அந்தப் புடவை, ஓரம் இன்னும் ஈரமாக. அதை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, காற்றில் ஆடவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

தை மாதம் ஒலவக்கோட்டில் வெங்கிடேஸ்வரனுக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. போட்டோ எடுத்தது பிச்சுமணி.