நூற்றைம்பது மீட்டரில் ஒரு குளம்

என் கணவர் பல் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பல்லைத் தட்டிப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டு, அப்புறமும் "எதுக்கும் நாளைக்கு வாங்க" என்று அனுப்பி வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் கோல்ஃப் அடித்துப் பழகுகிற ரேஞ்சில் கூடை நிறையப் பந்துகளோடு போய் நின்றால் வேறு ஆளாகிவிடுவார். இருப்பதிலேயே நீளமான மட்டையை உருவுவார். ஒரு பந்து கீழே விழுவதற்குள் அடுத்ததை அடிப்பார். எது எங்கே போயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கூடை காலியானதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு நல்ல பிராக்டீஸ்" என்பார்.

அந்த நல்ல பிராக்டீஸின் லட்சணம் ஞாயிற்றுக்கிழமை நிஜமான மைதானத்தில் தெரிந்துவிடும். முதல் குழிக்கு அடிக்கிற முதல் அடியே புதருக்குள் போகும். வீட்டுக்கு வந்து ஷூவைத் திட்டுவார், காற்றைத் திட்டுவார், கூட ஆடிய கண் டாக்டர் சரியான நேரம் பார்த்து இருமினார் என்பார். தன்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். ஒரு சாயங்காலம் ரேஞ்சுக்குக் கூடப் போய், பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாதிக் கூடை காலியாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்ததே எனக்குப் பெரிய சாதனை.

"என்னங்க, இப்ப எதைக் குறி வச்சு அடிச்சீங்க?"

"முன்னாடி."

"முன்னாடின்னா எங்க?"

"முன்னாடின்னா முன்னாடிதான். பின்னாடியா அடிப்பாங்க?"

"தெரிஞ்ச கணக்கையே நூறு தடவை போட்டுப் பாத்துட்டுப் பரீட்சைக்கு வர்ற பசங்களை நான் என்ன சொல்லுவேன் தெரியுமா?"

"தெரியும், தெரியும். இங்க வேண்டாம். பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

மறுநாளிலிருந்து சட்டம் போட்டேன். அடிப்பதற்கு முன் எதை நோக்கி அடிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடித்த பந்து உருண்டு நிற்கும்வரை பார்க்க வேண்டும். ஒரே மட்டையை அடுத்தடுத்துத் தொடக் கூடாது, ஏனென்றால் நிஜ மைதானத்தில் அப்படி ஒரு சலுகையை யாரும் தருவதில்லை. "எனக்கு வீட்டுப்பாடமா?" என்று முணுமுணுத்தார். ஆனால் செய்தார். "மஞ்சள் கொடி" என்று சொல்லிவிட்டு, பந்து அதற்கு எதிர்த்திசையில் போவதை முழுசாகப் பார்க்க வேண்டியிருந்ததில் மனிதர் கொஞ்சம் அடங்கிப் போனார்.

இந்த நேரத்தில்தான் சர்வேயர் வந்து சேர்ந்தார். சர்வேயர் என்றால் என் தங்கையின் கணவர், நிலம் அளக்கிற உத்தியோகம். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் தங்கையும் ஒரே ஊரில் இருந்ததே கிடையாது. ஒவ்வொரு மாற்றலும் அவளை இன்னும் கொஞ்சம் தூரத்துக்குக் கொண்டுபோயிற்று. எங்கள் பேச்சு முழுக்கப் போனிலேயே நடந்து, பாதி பேச்சு "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே முடிந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு எங்கள் ஊருக்கே மாற்றல். எங்கள் மாடி வீடும் காலியாகியிருந்தது. மாதக் கடைசியில் அவர்கள் அங்கே குடிவருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் ஆபீஸ் விடுதியில் ஒரு அறை. மாடி ஜன்னலுக்கு என்ன திரை, துணி காயப்போட எந்தப் பக்கம் கயிறு என்பதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். மாடிப்படியில் நின்று பேசுவதற்கென்றே பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன்.

சகலைகள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரைத் தம்பி என்பார். சர்வேயரிடமும் துருப்பிடித்த ஒரு செட் மட்டை இருந்தது. என் சட்டத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம்.

"அண்ணி சொல்றது சரிதான், அண்ணா. ஆனா அது பாதிதான். வெறும் புல்லைப் பாத்து அடிச்சா பயம் எப்படி வரும்? பயம் இருந்தாத்தானே கை ஒழுங்கா வேலை செய்யும்? இங்கயே நாம ஒரு மைதானம் போட்டுக்கலாம்."

போட்டார். நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டி, நீலக் கொடி முதல் குழி என்றார். தூரம் எழுதி நட்டிருந்த இரண்டு பலகைகளுக்கு நடுவில் மட்டும்தான் பாதை, வெளியே போனால் காடு. தரையில் பதித்திருந்த பழைய டயரைச் சுற்றி மணல். ஐந்தாவது குழிக்குப் போகிற வழியில், சிவப்புக் கொடியிலிருந்து நூற்றைம்பது மீட்டர் பலகை வரைக்கும் இருந்த புல்தரை குளம். குளத்தில் விழுந்தால் கணக்கில் ஒரு அடி அபராதம். ஒவ்வொரு அடிக்கும் ஒரே பந்து, இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. என் கணவர் அடிப்பதற்கு முன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். ஒரு மட்டையை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். பந்துக்குப் பின்னால் போய் நின்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்போதுகூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை. பந்து புல்லின் மேல் அந்தக் குளத்தைத் தாண்டி விழுந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "ரெண்டு பேரும் எவ்வளவு சமத்தா விளையாடறாங்க தெரியுமா" என்று அன்றைக்குத் தங்கையிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். என்ன வாய் முகூர்த்தமோ.

அடுத்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சரிசமமாக இருந்தார்கள். ஐந்தாவது குழி. என் கணவர் அடித்த பந்து உயரமாகப் போய், நூற்றைம்பது மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் விழுந்து, அங்கேயே நின்றது.

"அடடா, தண்ணியில போச்சே, அண்ணா" என்றார் சர்வேயர்.

"எங்க போச்சு? கரையில இருக்கு பாருங்க."

"பலகைக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு. பலகை வரைக்கும் குளம்."

"ஓரத்துலதானே விழுந்துச்சு. ஓரத்துல ஏது தண்ணி? இப்ப வெயில் காலம் தம்பி, வத்தியிருக்கும்."

"நான் வெட்டின குளம் வத்தாது."

நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

"குளத்தை வெட்டினது நான். கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் சர்வேயர்.

"ஓஹோ, இப்படித்தான் நீங்க ஊர் நிலத்தையும் அளக்கறீங்களா? வேண்டியவங்கன்னா ஒரு கரை, வேண்டாதவங்கன்னா ஒரு கரையா?"

சர்வேயரின் முகம் சுண்டிப் போயிற்று. அளவில் ஒரு விரற்கடை பிசகினால் ராத்திரி சாப்பாடு இறங்காத மனிதர் அவர். "நான் யாரோட பல்லையும் மாத்திப் பிடுங்கலை, அண்ணா" என்றார். என் கணவரும் யாருடைய பல்லையும் மாற்றிப் பிடுங்கியதில்லை. ஆனால் அந்த வார்த்தை போய் எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. சர்வேயர் மட்டைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "அண்ணி, மாடி வீட்டை வேற யாராவது கேட்டா குடுத்துடுங்க."

 கோபத்தில் சொன்னது, விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். விடிந்தது, சரியாகவில்லை. என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

"ஒரு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பந்து கரையிலதான் இருந்துச்சு."

"எந்தக் கரை?"

"குளத்துக் கரை."

"எந்தக் குளம்?"

 "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். அல்ஜீப்ரா வகுப்பில் இல்லாத எக்ஸுக்கு வாழ்நாள் முழுக்க விடை கண்டுபிடித்துக்கொண்டிருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது?

அங்கே விடுதி அறையிலும் அதே கதைதான். சர்வேயர் ஊரின் அந்தக் கோடியில், தன் ஆபீஸுக்குப் பக்கத்தில், வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒன்று பிடித்திருக்கிறதாம். அதைப் போனில் சொல்லும்போது தங்கை அழுதாள்.  இத்தனை வருஷம் ஊர் ஊராகத் தள்ளிப் போட்ட அரசாங்கத்தின் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒரு குடம் தண்ணீர்கூட இல்லாத குளம் எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

"அந்தக் கோடி வீட்டுக்கு நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறாராம்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் விடப்போறதில்லைக்கா. இன்னைக்கு சாயங்காலம் அந்தக் குளத்தை எனக்குக் காட்டச் சொல்லப்போறேன். எந்தக் குளத்தால என் வீடு போச்சுன்னு நான் பாக்கணும்" என்றாள். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் என் கணவரும் ரேஞ்சுக்குக் கிளம்பினார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். அவர்கள் வருகிற விஷயத்தை மூச்சு விடவில்லை. சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவார். இனிமேல் பழையபடி நீள மட்டையால் கண்ணை மூடிக்கொண்டு விளாசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கூடையிலிருந்து ஒரே ஒரு பந்தை எடுத்து வைத்தார். "நீலக் கொடி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அடித்தார். பந்து நிற்கும்வரை பார்த்தார். மட்டையை மாற்றினார். தனியாக, முதல் குழியிலிருந்து ஆடிக்கொண்டு வந்தார்.

நான்காவது குழி முடிகிற நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். தங்கை முன்னால் வர, பின்னால் சர்வேயர். சகலையின் முதுகைப் பார்த்ததும் அவர் கூரையைத் தாங்குகிற தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகப் பார்த்தார். தங்கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் எதையும் கவனிக்கவில்லை. ஐந்தாவது குழிக்கு நீளமான மட்டையை எடுத்தார். சிவப்புக் கொடியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். மட்டையைத் திரும்ப வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். இடது பக்கம், பலகைக்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு சின்ன அடி. அப்புறம் அங்கிருந்து அடிப்பதாகப் பாவித்துக்கொண்டு இன்னொன்று. குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னங்க, ஏன் சுத்திப் போறீங்க? நேரா அடிக்க வேண்டியதுதானே? கேக்கறதுக்குத்தான் இப்ப யாரும் இல்லையே."

அவர் திரும்பாமலே சொன்னார். "குளம் இருக்குல்ல."

தூணுக்குப் பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது. சர்வேயர் முன்னால் வந்தார். என் கணவர் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அண்ணா, அன்னைக்கு அந்தப் பந்து கரையிலதான் விழுந்துச்சு."

"இல்ல தம்பி. தண்ணியிலதான் விழுந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"இல்லண்ணா, நான்தான் சரியா பாக்கலை."

"அளக்கறவரு நீங்க. நீங்க தண்ணின்னு சொன்னா தண்ணிதான்."

"நான் சொல்றேன்ல, கரைன்னு?"

இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. தங்கை நடுவில் போய் நின்றாள். "முதல்ல அந்தக் குளத்தை மண்ணைப் போட்டு மூடுங்க" என்றாள்.

"ஐயோ, நல்ல குளம்மா அது" என்றார்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

சர்வேயர் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணி, மாடியை வேற யாருக்கும் குடுத்துடலையே?"

குடுத்தாச்சு, அடுத்த வாரம் வர்றாங்க என்று சொல்லி ஒரு நாளாவது அவரைத் தவிக்க விட வேண்டும் என்று பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.