சக்கரத்தில் இல்லாத பெயர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மாவட்டத்து ஆசிரியர்களுக்கான பத்திரிகை ஒன்று, 'வகுப்பறைக்குப் பயன்படும் பத்து டேப்லெட் செயலிகள்' என்று என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது. பத்திரிகை நடத்துகிறவர் போனில் தெளிவாகச் சொன்னார்: "ஒவ்வொரு ஆப்புக்கும் நாலு வரி போதும். உங்க கருத்தெல்லாம் வேண்டாம்." நானும் சரி என்றேன். மூன்று செயலிகள்வரை ஒழுங்காகவே எழுதினேன். நான்காவதைத் தொட்டதும், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது.

எழுதிய மூன்றை வீணாக்க மனமில்லை. படிக்கிறவர்களில் ஆசிரியர் யாராவது இருந்தால் உதவட்டும்.

முதலாவது, வருகைப் பதிவுச் செயலி. பிள்ளையின் படத்தைத் தொட்டால் பிள்ளை வந்துவிட்டதாகப் பொருள். இதற்கு இணையம் வேண்டும். எங்கள் பள்ளியில் இணையம் நிலக்கரிக் கொட்டகையின் கூரைமேல்தான் எட்டும். ஆகவே ஆசிரியர் காகிதத்தில் குறித்துக்கொண்டு, பனி பெய்யாத நேரமாகப் பார்த்து, ஏணி வைத்து ஏறி அனுப்பிவிட்டு வரலாம். உடம்புக்கும் நல்லது.

இரண்டாவது, சத்தம் அளக்கும் செயலி. வகுப்பு அமைதியாக இருந்தால் திரை பச்சை, கத்தினால் சிவப்பு.*

மூன்றாவது, மணற்கடிகாரச் செயலி. குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரில் கடிகாரமும் இருக்கிறது.

நான்காவது, பெயர்ச் சக்கரம்.

(* சிவப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க நான்காம் வகுப்பு மொத்தமும் தொண்டை கிழியக் கத்தியது. தலைமையாசிரியர் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து வாளியோடு ஓடி வந்தார்.)

2

நான்காவதைக் கதையாகத்தான் சொல்ல முடியும் என்று ஆன பிறகு, தொடக்கம் ஒன்று வேண்டுமே. முயன்றதை அப்படியே கீழே விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: நரின் ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய நாட்களில் எங்கள் பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்திறங்கின. அவற்றைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவள் நான்காம் வகுப்பில் படிக்கும்

(இங்கே நின்றுவிட்டது. ஆறு, பனி என்று ஆரம்பித்தால் சுற்றுலா விளம்பரம் போலிருக்கிறது, அதனால்தான் நிறுத்தினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "டீச்சர், நான் சக்கரத்துல இல்ல," என்றாள்

(பேச்சில் தொடங்குவது நல்ல உத்திதான். ஆனால் என்றாள் என்றால், யார் என்றாள்?)

மூன்றாம் தொடக்கம்: அந்தச் சிறுமியின் பெயர்

(இதற்குமேல் ஓர் எழுத்துகூட நகரவில்லை.)

ஆகவே சிறுமியை விட்டுவிட்டு அவளுடைய டீச்சரிடமிருந்து தொடங்குகிறேன். டீச்சரின் பெயரைச் சொல்வதில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அய்பேரி.

3

அய்பேரி தலைநகர் பிஷ்கெக்கில் படித்தவள். உறைந்துபோன டேப்லெட்டை உயிர்ப்பிப்பது, தலைமையாசிரியரின் போனில் அவர் தெரியாமல் அழித்த படங்களை மீட்பது, எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் ஊருக்கு ஒரு வீட்டின் சின்ன மருமகளாக வந்து, இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு நான்காம் வகுப்புவரை கொண்டுவந்திருக்கிறாள்.

எங்கள் பக்கம் மருமகள் என்றால் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அதே பெயர் வேறு யாருக்கு இருந்தாலும் சொல்லக்கூடாது. எழுதவும் கூடாது. அய்பேரியின் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அவளுடைய மாமியாரின் பெயர், எழுத்துப் பிசகாமல்.

முதல் நாள் அந்தச் சிறுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அய்பேரி அவளை "ஜன்னலோரப் பொண்ணு" என்று கூப்பிட்டாள். பிறகு குளிர் தாங்காமல் இருமுகிறாள் என்று அவளை அடுப்புப் பக்கம் மாற்றினார்கள். அப்போதும் ஜன்னலோரப் பொண்ணுதான். பதிவேட்டில் அவள் பெயரை மட்டும் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு படித்தவள், இந்தக் காலத்தில், இப்படியா? வாசகர் நம்பமாட்டார் என்று நேராக அவளிடமே கேட்டேன்.

"வகுப்புல மாமியாரா உக்காந்திருக்காங்க? சொன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

"சொல்லிப் பாக்காமலா இருப்பேன்? கதவச் சாத்திட்டு, தனியா நின்னு சொல்லிப் பாத்தேன். வாய் வரைக்கும் வருதுக்கா. அப்புறம் வாய் நெறைய மாவை அடைச்ச மாதிரி ஆயிடுது." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன், நீங்கதான் சொல்லுங்களேன்."

நான் பேச்சை மாற்றினேன்.

4

பெயர்ச் சக்கரம் எப்படி இயங்குகிறது என்று சொல்லவேண்டும். (கட்டுரைக்குப் பட்ட கடன்.) பிள்ளைகளின் பெயர்களைத் திரையில் தட்டெழுத வேண்டும். ஒவ்வொரு பெயரையும் ஆசிரியர் தன் குரலில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு விரலால் சுண்டினால் சக்கரம் கிர்ரென்று சுற்றி, ஒரு பெயரில் நின்று, அந்தக் குரலில் கூப்பிடும். கூப்பிடப்பட்ட பிள்ளை கரும்பலகைக்குப் போகும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சக்கரத்தின்மேல் அப்படியொரு பைத்தியம். விடை தெரியாதவன்கூடத் தன் பெயர் வரவேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொள்வான்.

அய்பேரி எல்லாப் பெயர்களையும் பதிவு செய்தாள், ஒன்றைத் தவிர. ஜன்னலோரப் பெண்ணைத் தலையசைத்துக் கூப்பிட்டால் போயிற்று என்று நினைத்தாள். தலையசைத்துக் கூப்பிடவும் செய்தாள். சக்கரம் கூப்பிடுவதும் தலையசைப்பதும் ஒன்றாகுமா?

ஒரு நாள் இடைவேளையில் எல்லோரும் பனியில் விளையாட ஓடியபோது அந்தப் பெண் மட்டும் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் சக்கரத்துல இல்ல."

"இருப்பம்மா. வேகமா சுத்துறதுல தெரிஞ்சிருக்காது."

"நிக்கும்போதும் பாத்தேன். எல்லாரும் இருக்காங்க."

அய்பேரி டேப்லெட்டின் திரையைக் கைக்குட்டையால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியாததா? எங்க வீட்டு அத்தைக்கும் அதே பேரு. நான் எப்படிச் சொல்வேன்?"

"தெரியும் டீச்சர். எங்கம்மாகூட எங்க தாத்தா பேரச் சொல்ல மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எங்கம்மா தாத்தாவுக்குப் பாடம் நடத்தலையே."

அய்பேரி கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

"அடுத்த வருஷம் அஞ்சாவது. வேற டீச்சருங்க வந்துருவாங்க," என்றாள் அந்தப் பெண். கோபமெல்லாம் இல்லை, வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நீங்க ஒரு தடவகூட என்னையக் கூப்பிடாமலே முடிஞ்சிரும்."

கட்டுரை செத்து, கதை பிறந்தது இந்த இடத்தில்தான். இதை நாலு வரியில், கருத்தில்லாமல் எழுதச் சொன்ன புண்ணியவான் நீடூழி வாழ்க.

5

அடுத்த வாரம் திறந்த வகுப்பு. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து, டேப்லெட்டுகளால் கல்வி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் சக்கரத்தில் இருந்தாகவேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அன்று மாலை அய்பேரி தேநீர் ஊற்றினாள்.

இந்தக் காட்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். மூன்று தொடக்கங்களும் ஏன் நடுவழியில் நின்றன என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

எங்கள் பக்கம் கோப்பையில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவோம், குடிக்கக் குடிக்கத் திரும்ப ஊற்றுவதுதான் மரியாதை. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அய்பேரி ஏதோ நினைப்பில் அத்தையின் கோப்பையைத் தளும்ப நிறைத்துவிட்டாள்.

அத்தை கோப்பையைப் பார்த்தார். "சின்னவளே, என் வீட்டுலயிருந்தே என்னையக் கிளம்பச் சொல்றியா?"

அய்பேரி பதறிப்போய், மென்று விழுங்கி, விஷயத்தைச் சொன்னாள். சக்கரம், பதிவு, ஜன்னலோரப் பெண், அவள் சொன்னது எல்லாம். இடி விழப்போகிறது என்று நான் பொரித்த போர்சோக் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவுதானா? அந்தப் பலகையக் கொண்டா இங்க," என்றார் அத்தை. "உங்க நாக்குதான கட்டியிருக்கு? என் பேர நான் சொன்னா எவன் கேப்பான்?"

மாமியார் உடைத்தால் மண்குடம்தான். அத்தை போட்டோ எடுக்கப்போகிறவர் மாதிரி வெள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அய்பேரி சிவப்புப் புள்ளியைத் தொட்டாள். அத்தை தன் பெயரைச் சொன்னார். சொன்னார் என்பது தவறு. ஆட்டுக்குட்டிகளோடு எதிர்மேட்டுக்குப் போன சிறுமியை இந்த மேட்டிலிருந்து கூப்பிடுகிற குரல் அது. அடுப்பின் மூடி அதிர்ந்தது.

அய்பேரி பதிவைப் போட்டுக் காட்டினாள். டேப்லெட் அந்தப் பெயரைக் கூப்பிட்டது. அத்தை டேப்லெட்டின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இன்னொரு தடவ போடு."

போட்டாள்.

"எங்கம்மா இப்பிடித்தான் கூப்பிடுவா," என்றார். "இந்த வீட்டுக்கு வந்தப்புறம் உங்க மாமா கூப்பிட்டாரு. அவரும் போனப்புறம் யாரு கூப்பிட்டா? அத்தைங்குறீங்க, அம்மாங்குறாங்க, பாட்டிங்குறாங்க. மரியாதைதான், இல்லேங்கல." கோப்பையைத் தள்ளி வைத்தார். "இன்னொரு தடவ போடு."

தேநீர் ஆறும்வரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மாமியார் முன்னால் அழ வேண்டாமென்று அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போனேன்.

(ஐந்தாம் பகுதியிலேயே நல்லவராகிவிடும் மாமியாரை யாரும் நம்பமாட்டார்கள், தெரியும். உண்மை கெடாமலிருக்க இதையும் எழுதிவிடுகிறேன்: அதே மாலையில், "பெரியவளே, நீ உருட்டின மாவுல குதிரைக்கு லாடம் அடிக்கலாம்," என்றும் சொன்னார்.)

6

திறந்த வகுப்புக்குத் தானும் வருவதாக அத்தை ஒற்றைக் காலில் நின்றார். தன் குரல் பள்ளிக்கூடத்தில் ஒலிப்பதைக் கேட்கவேண்டுமாம். அதிகாரிகளுக்குப் பக்கத்தில், குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்துகொண்டார். நான் அவருடைய கம்பளிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

சக்கரம் சுற்றியது. அய்பேரியின் குரல் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. அதிகாரிகள் தலையாட்டினார்கள். கடைசியாகச் சக்கரம், பக்கத்து வகுப்பு டீச்சர் தட்டெழுதிக் கொடுத்திருந்த அந்தப் பெயரில் நின்றது. (உண்மையில் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கடைசிக்குத் தள்ளியது நான். கதாசிரியருக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?)

எதிர்மேட்டுக் குரல் வகுப்பறையை நிறைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஓர் அதிகாரி பேனாவைக் கீழே போட்டார். அத்தை வணக்கம் ஏற்பவரைப் போல நாலாபக்கமும் தலையசைத்தார்.

ஜன்னலோரப் பெண் எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, கரும்பலகைக்கு வா," என்றாள் அய்பேரி.

"அது பாட்டி கூப்பிட்டது," என்றாள் அவள். "நீங்க கூப்பிடல, டீச்சர்."

சத்தம் அளக்கும் செயலி வாழ்நாளில் முதல்முறையாகப் பச்சையைக் காட்டியது. அய்பேரி பின்பெஞ்சைப் பார்த்தாள். எதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாத அத்தை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் கோபித்துக்கொண்டாலும் அப்படித்தான் திரும்புவார். பார்க்காத மாதிரி விட்டுக்கொடுக்கிறபோதும் அப்படித்தான் திரும்புவார்.

அந்தப் பெண் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, எழுந்திருக்கத் தயாராக இருந்தாள். அய்பேரி வாயைத் திறந்தாள்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

பத்திரிகைக்காரருக்குப் பிடித்த முடிவு: அய்பேரி பெயரைச் சொல்லிவிடுகிறாள், அத்தை எழுந்து வந்து மருமகளின் நெற்றியில் முத்தமிடுகிறார், அதிகாரிகள் கைதட்டுகிறார்கள், பள்ளிக்கு மேலும் டேப்லெட்டுகள் வருகின்றன. இணையம் வருவதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடித்த முடிவு: அய்பேரி "ஜன்னலோரப் பொண்ணே" என்கிறாள். சிறுமி எழுந்து பலகைக்குப் போய்ச் சரியாகக் கணக்குப் போடுகிறாள். அதற்குப் பிறகு அவள் சக்கரத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. இந்த முடிவை எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன்.

உண்மையில் நடந்தது மூன்றாவது. நான் அங்கேதான் நின்றேன், இரண்டு காதாலும் கேட்டேன். ஆனால் அய்பேரி சொன்னதை எழுதவும் அந்தப் பெயர் வேண்டும், பாதியில் விழுங்கியதை எழுதவும் அந்தப் பெயர் வேண்டும்.

டீச்சர் வாயைத் திறந்து,

(மன்னிக்கவும்.)

அய்பேரியை எழுதித் தரச் சொன்னேன். "நாலு வரி போதும்னுதான கேட்டாங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அத்தைக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து கேட்டார்: "என்னையப் பத்தி எழுதுறியாமே, பெரியவளே. பேரு போட்டியா?"

"போடுறேன் அத்தை," என்றேன்.

வாசகரே, நீங்கள் இந்த வீட்டு மருமகள் இல்லை. உங்கள் நாக்கை யாரும் கட்டவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், பெண்பிள்ளையின் பெயர் ஒன்றை அதில் போடுங்கள்.

..............................

மனதுக்குள் வாசித்தால் செல்லாது. விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிற குரலில், சத்தமாகக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.