பச்சை வயர்

திறந்து வைத்த கித்தார் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் பச்சை வயரின் நுனியில் சுற்றியிருந்த கறுப்பு டேப் அப்படியே இருந்தது, பெட்டி பத்தொன்பது வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்தும் அவிழவில்லை, கடைசிச் சுற்றின் முனையை உள்பக்கமாக மடித்து ஒரு சின்னக் காது விட்டிருந்தது, பின்னால் பிரிக்கவேண்டி வந்தால் நகத்தால் சுரண்டாமல் அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் போதும், தூத்துக்குடியில் இப்படிக் காது வைத்து டேப் சுற்றுகிறவர் ஒரே ஆள்தான், அந்த ஆள் இப்போது அதற்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் திருப்புளியோடு, இது வேறு எவனாவது சுற்றியதாக இருக்கக்கூடாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கப்பழம் தன் கைவேலையைக் கண்டு தானே பயந்தது அன்றைக்குத்தான்.

காலையில் தெக்லா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோதே சொல்லியிருக்கலாம், முடியாது, வால்வு கிடைக்காது, கண் தெரியவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம், ஆனால் அவள், அவிய பெட்டி அண்ணாச்சி, மக நொயேலா கோயில் பாடகர் குழுவுல கித்தார் அடிச்சுக்கிட்டே பாடுதா, அப்பா பெட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா, தங்கத்தத் தவிர ஒரு பய இதத் தொடக்கூடாதுன்னு அவிய சொல்லுவாவ, அதான் ஒங்ககிட்டயே கொண்டாந்தேன் என்றாள், அதற்குமேல் என்ன சொல்வது, வச்சிட்டுப் போ தங்கச்சி என்றுதான் வாய் சொன்னது. அவிய என்றால் கஸ்பார், அவள் புருஷன், இவருடைய சிநேகிதன், ஊரில் எந்தக் கச்சேரி மேடையானாலும் கித்தாரோடு நடுவில் நின்ற கஸ்பார், மகள் பிறந்த நாற்பதாம் நாள் மேடையில் கரண்ட் அடித்துச் செத்த கஸ்பார்.

கண்ணாடிக் குழல் வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயரைத் தொடுகிறவனுக்கு ஒரு கைதான் உண்டு, இது முதல் பாடம், இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், ஆகவே ஒரு கை வேலை செய்யும், ஒரு கை பின்னால் கிடக்கும், பிளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகும் உள்ளே கண்டென்சரில் கரண்ட் ஒளிந்திருக்கும், அதையும் வடித்துவிட்டுத்தான் விரலை வைக்கவேண்டும், இதையெல்லாம் அவர் கண்ணும் கருத்துமாகச் செய்வதைப் பார்த்து கஸ்பார் சிரிப்பான், என்னடே தங்கம், வாத்தியார்ட்ட அடி வாங்கப் போறவன் மாரி கையக் கட்டிக்கிட்டு நிக்க, நான் சாவப் போறனா நீ சாவப் போறயா, என்று சிரிப்பான், அந்தச் சிரிப்பு இப்போதும் இந்த அறையில்தான் இருக்கிறது, அன்றைக்கு நின்றது போலவே அவன் கதவில் சாய்ந்து நிற்கிறான், அன்றைக்குக் கோயிலின் எட்டாம் திருவிழாக் கச்சேரிக்கு இரண்டு நாள்தான் பாக்கி, லேய் தங்கம், பாட்டுக்கு நடுவுல மொத்தப் பேரும் நிறுத்துதோம் பாரு, அந்த எடத்துல ம்ம்ம்னு எருமை மொனகுத மாரி ஒரு இரைச்சல், மானம் போகுதுடே, அத எடுத்துரு.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் மைக் செட்டுக்கும் போகிறது, இதற்கும் எர்த், அதற்கும் எர்த், இரண்டும் ஒன்றோடொன்று முனகுகின்றன, முறைப்படி சரிசெய்ய ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மதுரையிலிருந்து வரவேண்டும், வர ஒரு வாரம் ஆகும், குறுக்கு வழி என்றால் இந்தப் பெட்டியின் எர்த் வயரை, கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் அந்தப் பச்சை வயரை, வெட்டிவிட்டால் போதும், திருவிழா முடியட்டும் திரும்ப மாட்டிருதேன் என்று சொல்லித்தான் வெட்டினார், திரும்ப மாட்டத்தான் டேப்புக்குக் காது விட்டார், சுவிட்சைப் போட்டார்கள், வால்வுகள் சிவந்தன, இரைச்சல் இல்லை, இரண்டு பேரும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், கஸ்பார் அவர் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தான். தன் ஒரு கையைப் பத்திரமாகப் பின்னால் கட்டிக்கொண்டவருக்கு, கஸ்பாரின் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்குமே என்று அன்றைக்குத் தோன்றவில்லை. சனியன் பிடித்த மூளை, இதைத் தவிர எல்லாம் தோன்றியது.

எட்டாம் திருவிழா, சாயங்காலம், கடலிலிருந்து ஈரக்காற்று, லேசாகத் தூறல், இரண்டாவது பாட்டில் கஸ்பார் உதட்டை மைக்கில் வைத்தான், துள்ளினான், கித்தாரை விடாமல் துள்ளினான், ஆடுகிறான் என்று கூட்டம் விசிலடித்தது, விழுந்த பிறகுதான் விசில் நின்றது. மைக்கில்தான் கரண்ட் கசிந்தது என்று தெக்லாவின் அண்ணன்மார் மைக் செட் போட்டிருந்த செல்லையாவை மேடையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள், அவன் தன் பிள்ளையின் தலைமேல் கைவைத்து, என் செட்டுல கசிவு இல்ல, சத்தியமா இல்ல என்று அழுதான், தங்கப்பழம் பத்தடி தூரத்தில் நின்றார், ஒரு எட்டு முன்னால் வைத்தார், அந்தக் காலைத் திரும்ப இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். செல்லையா ஊரைவிட்டே போனான், பம்பாயில் செத்தான் என்று பிறகு சேதி வந்தது. ஒருவேளை அவன் செட்டுதானோ என்னவோ, மழை வேறு பெய்தது, என்று இவர் பத்தொன்பது வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோறு தின்றார், தூங்கினார், தூக்கத்தில் கஸ்பார் வருவான், செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான், இரைச்சல் போயிட்டாடே என்று மட்டும் கேட்பான்.

நான்கு நாள் மற்ற வேலையெல்லாம் பார்த்தார், வால்வுகளைத் துணியால் பிடித்துக் கழற்றினார், ஒன்றில் காற்றுப் புகுந்து உள்பக்கம் வெளுத்திருந்தது, உப்புக்காற்றில் பச்சை பூத்த சாக்கெட்டுகளைப் பெட்ரோல் தொட்டுத் துலக்கினார், உப்பிப்போன பெரிய கண்டென்சர்களை மாற்றினார், பச்சை வயரை மட்டும் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஐந்தாம் நாள் காலையில் டேப்பின் காதைப் பிடித்து இழுத்தார், ஒரே இழுப்பில் வந்தது, டேப்பை எங்கே போடுவதென்று தெரியாமல் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார், வயரைப் பழைய இடத்தில் பற்றவைத்தார், கரண்ட் வரும் வழியில் ஒரு பல்பை மாட்டினார், உள்ளே கோளாறு இல்லையென்றால் பல்பு எரியாது, இருந்தால் எரிந்து காட்டிக்கொடுக்கும், எரியாதே, எரியாதே, என்று வாய்விட்டுச் சொன்னார், பிளக்கைச் செருகினார், ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தொடும் முன்பே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. நிலக்கடலை அளவு ஒரு கண்டென்சர், கரண்ட் வயருக்கும் பெட்டியின் தகரத்துக்கும் நடுவில், வெடித்துக் கிடந்தது, அது வழியாகத்தான் கரண்ட் தகரத்துக்கும் கித்தார்த் தந்திக்கும் ஏறியிருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் அன்றைக்கு ஃபியூஸ் போயிருக்கும், கஸ்பார் ஒரு கெட்டவார்த்தை சொல்லிவிட்டு, லேய் தங்கம், மேல வாடே என்று மேடையிலிருந்தே கூப்பிட்டிருப்பான்.

தெக்லா மகளின் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வந்தாள், அதற்குள் அந்தக் கண்டென்சரைக் கழற்றி எடுத்துவிட்டார், பச்சை வயர் இருக்கிறது, இப்போது பல்பு எரியவில்லை, பெட்டி சரியாகிவிட்டது, மேடையில் இருப்பது போலவே கடையிலிருந்த மைக் செட்டோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார், வால்வுகள் சிவந்தன, அந்த இரைச்சல் வந்தது. ம்ம்ம்னு இரையுதே அண்ணாச்சி, அவிய கடைசியா வாசிக்கையில இந்தச் சத்தமே கெடையாதே, தங்கம் எடுத்துட்டாம்லான்னு வீடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ, பிள்ளைக்கும் அதே மாரி எடுத்துத் தாங்க என்றாள். மதுரைக்குச் சொல்லியிருக்கேன், ஒரு வாரத்துல சாமான் வந்துரும், போட்டா நின்னுரும், அதுவரைக்கும் இரையட்டும் தங்கச்சி என்றார். அன்னைக்கு உடனே எடுத்தீயள்லா. அன்னைக்கு இந்தப் பச்ச வயர வெட்டுனேன், இது இல்லன்னா ஆள அடிச்சிரும். அவள் பச்சை வயரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், அப்ப அன்னைக்கு, என்றாள், அன்னைக்கு மேடையில? மேடையில இது இல்ல, நாந்தான் வெட்டுனேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தார், கத்தியிருந்தால் தேவலை. செல்லையா அண்ணன் பிள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுனாரே, நீங்க அங்கனதான நின்னீய? நின்னேன். ஒண்ணும் சொல்லலியா? சொல்லல. அவள் கித்தாரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள், தெருவில் நின்று திரும்பினாள், இப்ப இது அடிக்காதுல்லா என்றாள், அடிக்காது தங்கச்சி, என்னைப் பெத்தவ மேல ஆணையா அடிக்காது, என்றார், ஒங்க வாயி சொல்லி நான் எப்படி நம்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டே இருந்தது, சுவிட்சை அணைக்க அவருக்குக் கை வரவில்லை, அணைத்தால் அந்தப் பழைய அமைதி வந்துவிடும், அதை அவரால் கேட்கமுடியாது, இரைச்சல் போயிட்டாடே என்று கஸ்பார் கதவில் சாய்ந்து கேட்கிறான், போகல கஸ்பார், போகவே இல்ல என்று சொல்கிறார், ஆள்காட்டி விரலில் சுற்றிய கறுப்பு டேப் இறுகியிருந்தது, மடித்த காது மேலே நீட்டிக்கொண்டிருந்தது, பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.